விட்டுப் படித்த வரிகள்

கடலுக்கு அப்பால் பேரரசு பிடித்து வைத்திருந்த தீவு ஒன்றுக்கு, கரும்புத் தோட்ட மேற்பார்வையாளராக அண்ணன் கப்பல் ஏறியபோது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. மூன்றே வருடத்தில் ஒழுகிய கூரைக்கு ஓடு வந்தது. தங்கை படித்து, ஊர்ப் பெண்கள் பள்ளியிலேயே டீச்சரானாள். அந்தத் தெருவில் ஏழு வீட்டு ஆண்கள் கடல் தாண்டியிருந்தார்கள். ஆனாலும் கப்பல்காரர் வீடு என்றால் இவர்கள் வீடுதான். மாதம் தவறாமல் கடிதம் எழுதியவன் இவள் அண்ணன் மட்டுமே.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் தங்கைதான் படித்துக் காட்டுவாள்.

அண்ணன் போன ஏழாம் வருடம் வந்த ஒரு கடிதம் முதல் பக்கம் முழுக்க மழையைப் பற்றிப் பேசியது. இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "ஓடிப்போன கூலிக்காரன் ஒருவனைப் பிடித்து வந்தார்கள். துரை அடிக்கச் சொன்னார், அடித்தேன். ஐந்தாம் நாள் செத்துவிட்டான். பையன்தான், மீசைகூட அரும்பவில்லை. நான் என்ன செய்யட்டும் அம்மா?"

தங்கை மூச்சை இழுத்துக்கொண்டு, "மற்றபடி நலம்" என்ற வரிக்குத் தாவிவிட்டாள். அம்மா சொல்லச் சொல்லப் பதிலும் எழுதினாள்: எதிர்வீட்டில் கல்யாணம், கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, மழையில் நனைந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

அதன் பிறகு அப்படிப்பட்ட வரிகள் அடிக்கடி வந்தன. கேள்வி மட்டும் திரும்ப வரவில்லை. "நேற்று மூன்று பேருக்கு அடி" என்று வானிலைபோல எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவான். அவளும் தாண்டிப் படிக்கப் பழகிவிட்டாள்.

பன்னிரண்டாம் வருடம் அண்ணன் விடுமுறையில் வந்தான். தெருவே கூடிப் பார்த்தது. மூன்றாம் நாள் மதியம், அம்மா உள்ளே படுத்திருக்க, அடுப்படியில் வந்து உட்கார்ந்தான்.

"பாப்பா, என் லெட்டரையெல்லாம் அம்மாவுக்கு முழுசாதானே படிச்சே?"

"சிலதை விட்டுட்டேண்ணா."

எதை என்று அவன் கேட்கவில்லை.

"அம்மா திட்டி எழுதுவாங்க, 'வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வந்துடுடா'ன்னு எழுதுவாங்கன்னு காத்திருந்தேன். சளி பிடிக்காம பாத்துக்கோன்னு வந்துச்சு. அம்மாவே ஒண்ணும் சொல்லலையே, அப்போ இது பெரிய விஷயமில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன். அடுத்த தடவை கை நடுங்கல."

"அம்மா மனசு தாங்காதேன்னுதான்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பாதி உண்மைதான் அது. "அம்மா உன்னைக் கூப்பிட்டுட்டா நம்ம கதி என்ன ஆகும்னும் பயந்தேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இப்போ படி."

பெட்டியிலிருந்த கடிதங்களை எடுத்து வந்து, விட்ட வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். அண்ணன் முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றான்.

முடிந்ததும் அம்மா கேட்டாள்: "அந்தப் பையனுக்கு அம்மா இருந்தாளா?"

"தெரியலம்மா. நான் கேக்கல."

"நீ திரும்பிப் போக வேண்டாம்."

"இங்க நான் யாரும்மா? அங்க எனக்குக் கீழ எண்பது பேர்."

விடுமுறை முடிந்ததும் போய்விட்டான். வழியனுப்ப அம்மா வாசலுக்கு வரவில்லை.

பிறகு வந்த கடிதங்களில் தாண்டிப் படிக்க ஒரு வரிகூட இல்லை. மழை, உடம்பு, புது பங்களா. அண்ணன் நிறுத்தியது அடிப்பதையா எழுதுவதையா என்று தங்கைக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா, "அவ்வளவுதானா?" என்பாள்.

ஒரு வருடம் பொறுத்துவிட்டு, அம்மாவைக் கேட்காமலே தங்கை ஒரு வரி எழுதிப் போட்டாள்: "இப்போதும் அடிக்கிறாயா?"

நான்காம் மாதம் பதில் வந்தது. "என்னை ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அடிப்பது என் கையல்ல. அதற்கு வேறு ஆள் இருக்கிறான்."

அதை அம்மாவுக்கு ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினாள். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த வாரமே கடைசி வீட்டுத் தையல்காரர் வந்தார். மருமகனுக்கு அண்ணன் மூலம் அங்கே ஒரு வேலை வேண்டுமாம். "உங்க பையன் ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அம்மா அவரை உட்காரச் சொன்னாள். பிறகு மகளிடம், "அந்த லெட்டரையெல்லாம் அவருக்கும் படிச்சுக் காட்டும்மா" என்றாள்.

தையல்காரர் பாதிவரை கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே எழுந்தார்.

"எந்த வேலையிலதான் கஷ்டம் இல்ல? சின்ன வயசு, அவன் சமாளிச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறொருவரைப் பிடித்துச் சிபாரிசு வாங்கிவிட்டார் போலிருக்கிறது. இரண்டே மாதத்தில் மருமகன் கப்பல் ஏறினான். போகும் முன், அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்க வந்தாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுக்கா. அவர் லெட்டர் வந்தா நீங்கதான் படிச்சுச் சொல்லணும்."

"முழுசா படிப்பேன், பரவாயில்லையா?" என்று டீச்சர் கேட்டாள்.

கேள்வி புரியாமல் அந்தப் பெண் சிரித்தாள்.