கறுப்புக்கு டிரா போதும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. சதுரங்கம் எனக்கு வராது. குதிரை எப்படித் தாவும் என்பதையே பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் சரிபார்த்தேன். கதையை எனக்குச் சொன்னவள் ஒரு பெண். எங்கே வைத்துச் சொன்னாள் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். இப்போது அடித்துவிட்டேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன். இதில் அவள் பெயர் தங்கத்தாய்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியிருந்தது. ஐந்தருவிச் சாலையில் பலாப்பழ வாசனை—'

வேண்டாம். குற்றாலம் என்றாலே சாரலில்தான் தொடங்குகிறோம். குளிக்க வருகிறவர்களுக்கு அது சரி. தங்கத்தாய்க்குச் சாரல் என்றால், கணவன் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் மாதங்கள்.

அடுத்த தொடக்கம்: 'சுந்தரபாண்டியன் கெட்டவன் இல்லை.' இதையும் அடித்தேன். முதல் வரியிலேயே அவனுக்காக நான் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்?

ஆகவே இப்படி: தங்கத்தாய்க்குத் தோற்கவும் பயம், ஜெயிக்கவும் பயம்.

2

தங்கத்தாயின் கணவன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவன். ரெஜிமெண்டில் சதுரங்கத்தில் அவனை அசைக்க ஆள் கிடையாது. ஓய்வு பெற்று குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்து வீட்டுக்கு வந்தபோது, பெட்டியோடு ஒரு மரப்பலகையையும் கொண்டுவந்தான். தங்கத்தாய் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் இருந்தாள். சாயங்காலம் அவள் வந்து முகம் கழுவுவதற்குள் காய்கள் அடுக்கப்பட்டிருக்கும். வெள்ளை எப்போதும் அவனுக்கு.

ஆரம்பத்தில் சீக்கிரமே தோற்றாள். தோற்றுவிட்டால் எழுந்துபோய் உலை வைக்கலாம் என்று நினைத்தாள்.

"வேணும்னே தோக்குதியா? என்னையக் கோட்டிக்காரன்னு நெனச்சியா?"

பலகை பறந்தது. மகள் இசக்கிச்செல்வி கட்டிலுக்கடியில் புகுந்து காய்களைப் பொறுக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அசந்துபோய் ராணியைத் திறந்த இடத்தில் வைத்துவிட்டான். தங்கத்தாயின் கை அவளைக் கேட்காமலே போய் அதை எடுத்துவிட்டது. ஆட்டமும் அவளுக்கே ஜெயமாக முடிந்தது. மழை வருகிறதே என்று அவள் புறவாசலில் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. இருட்டும்வரை நனைந்த துணிகளோடு நின்றாள். உள்ளே செல்வி விம்முவது கேட்டது. கதவு திறந்ததும் அவன், "சாப்பாடு எடுத்து வையி" என்றான்.

[அடியை எழுதவா, வேண்டாமா? ஒருமுறைதான் அடித்தான் என்று சொன்னாள். 'மத்த நாளெல்லாம் இன்னிக்கு அடிச்சுருவாரோன்னு இருந்ததுதான் சார்…' அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.]

3

அதே நிலையத்தில் ரத்தம் எடுக்கும் சுல்தான் பீவி, கல்லூரி அணிக்காகச் சதுரங்கம் ஆடியவள். டீ நேரத்தில் போனில் ஆடிக்கொண்டிருந்தவளிடம் தங்கத்தாய் மெல்லக் கேட்டாள்.

"எனக்குச் சொல்லித் தாரியா?"

"புருசன ஜெயிக்கணுமாக்கா?"

"வேண்டாம்."

"அப்ப?"

"தோக்கவும் கூடாது. ஆட்டம் இழுத்துக்கிட்டே கெடக்கணும். கடைசில ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆகணும்."

சுல்தான் பீவி டீ கிளாசைக் கீழே வைத்தாள். தங்கத்தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"கேரோ-கான்னு ஒண்ணு இருக்கு. பேரக் கேட்டுப் பயந்துராதீங்க. கறுப்புக்குக் கெட்டியான ஆட்டம். அவரு ராஜாவுக்கு முன்னால நிக்க சிப்பாயி ரெண்டு கட்டம் வருவானா? நீங்க ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால உள்ள சிப்பாய ஒரே ஒரு கட்டம் நகத்துங்க. பொறவு ராணிச் சிப்பாயி ரெண்டு கட்டம். மந்திரி வெளிய வந்த பொறவு சுவத்த அடைச்சிருங்க. கறுப்புக்கு டிரா போதும்க்கா. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

4

வேலை செய்தது. அவன் வெள்ளையை முன்னால் தள்ளுவான். அவள் ஒரு கட்டம் நகர்த்துவாள். சுவரில் எங்கே சந்து இருக்கிறது என்று அவன் தாடையைத் தடவிக்கொண்டே யோசிப்பான். அவன் யோசிக்கும்வரை வீட்டில் சத்தமில்லை. செல்வி வீட்டுப்பாடம் முடித்துச் சாப்பிட்டுத் தூங்கியும் போவாள். "இப்பம்தான் ஆட்டம் ஆட்டமா இருக்கு" என்று ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தான்.

இந்த இடத்தில் எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. பயந்துபோய் ஆடுகிறாளா, பிடித்துப்போய் ஆடுகிறாளா? அவளிடமே கேட்டேன்.

"ரெண்டும்தான் சார். காயைத் தொடும்போது கை நடுங்கும். வச்ச பொறவு நல்லாருக்கும்."

இதைக் கதையில் எப்படி விளக்குவது என்று மூன்று பத்தி எழுதிப்பார்த்தேன். அவள் சொன்னதே போதும்.

5

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நல்ல மழை. முதல் காயை நகர்த்திவிட்டு அவள் விரல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, தெனமும் ஒரே மாதிரி ஆடுத. யாரு சொல்லிக்குடுத்தா?"

"போன்ல பாத்தேங்க."

"போனைக் குடு."

கொடுத்தாள். அதில் சதுரங்கப் பலகைப் படங்கள் வரிசையாகக் கிடந்தன. மேலே பெயர்: சுல்தான் லேப்.

"சுல்தான் யாரு?"

"பொம்பளதாங்க. கூட வேல பாக்கவ. சுல்தான் பீவி."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும். போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நகர்த்திய காய்களைப் பழைய இடத்திலேயே வைத்தான். பலகையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காய்கூட விழாமல், மெதுவாகத் திருப்பினான்.

"இன்னிக்கு நீ வெள்ளை. ஆடு."

அவள் படித்ததெல்லாம் பதில் சொல்லும் ஆட்டம். முதல் காயை எப்படி நகர்த்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அடுப்படி வாசலில் செல்வி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

(அ) தங்கத்தாய் வெள்ளையில் ஆடி அவனை வீழ்த்துகிறாள். நண்பர்களுக்கு இது பிடித்தது. ஜெயித்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று இரண்டாம் பகுதியில் எழுதிவிட்டேன். அதனால் கிழித்தேன்.

(ஆ) சுந்தரபாண்டியன் உடைந்து அழுகிறான். பட்டாளத்தில் பார்த்ததையெல்லாம் சொல்லி அவள் மடியில்— அழுதிருக்கவும் கூடும். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

(இ) அவளே எனக்குச் சொன்னது. "நான் வெளாடல."

"என்னது?"

"வெளாடலங்க."

எழுந்தாள். செல்வியின் கையைப் பிடித்தாள். அவன் பலகைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கதவோரம் கிடந்த குடையை எடுத்து விரித்துக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு தென்காசி பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள். அன்றைக்குச் சுல்தான் பீவி வீடு. மறுநாள் அங்கிருந்து—

7

ஆறு பகுதிகளையும் தென்காசியில் ஒரு சிறு கூட்டத்தில் வாசித்தேன். நேரமாகிவிட்டதால், ஏழாவது பையில் இருக்கிறது, அச்சில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி.

"கதை நல்லாருந்துச்சு சார். ஒரே ஒரு எடம் தப்பு."

"எதுங்க?"

"அவ குடை எடுக்கல. புள்ளையோட நனைஞ்சுக்கிட்டேதான் போனா."

குடை நானாகச் சேர்த்தது. அந்த மழையில் அவர்களை நனையவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் குரல் கம்மியிருந்தது. அழுகையா, அடக்கிவைத்த வேறேதுமா, எனக்குப் பிடிபடவில்லை.

"ஏழாவது இருக்குன்னீங்களே. எங்க போனா?"

"கதைதானே சார். கற்பனை."

என் கை பையை இறுக்கிப் பிடித்திருப்பதை அவர் பார்த்தார்.

"சரி. நான் இங்கனதான் இருப்பேன். பொறவு வாரேன்."

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்த ஏழாம் பகுதியை அடுப்பில் போட்டேன்; இது அதற்குப் பதிலாக எழுதியது. அதிலிருந்து இரண்டு வரிகளை மட்டும் தருகிறேன். அம்மாவும் மகளும் நலம். செல்வி பள்ளிக்கூடம் போகிறாள்.

அவர்கள் இருக்கும் ஊரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சிவகிரியோ, புளியறை தாண்டி மலையாளக் கரையோ, நீங்கள் பிறந்த ஊரோ. வைத்த ஊரை எனக்குச் சொல்லிவிட மட்டும் வேண்டாம். நேற்றும் அவர் என் வாசலுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்.