பச்சை ஓஸ்

முழங்கால் இரண்டும் ஒன்றுபோல வலித்தன. முகேஷ் டைல்ஸ் ஒட்டுகிறவன். நாள் முழுக்க முட்டி போட்டு நகர்கிற வேலை. அது போதாதென்று விடிகாலையில் நாமக்கல்லிலிருந்து பைக்கை எடுத்து, எழுபது வளைவும் மடக்கி மடக்கி மலை ஏறி வந்திருந்தான். இப்போது தரையில் கிடந்த பச்சை ஓஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, ஊற்றுக்குப் போகும் சரிவில் ஏறிக்கொண்டிருந்தான். ஓஸ் எங்கே கழன்று தண்ணீர் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே வாசலில், பெஞ்சின்மேல் அவனுடைய அப்பா பொன்னன் கிடந்தார். நேற்றுச் சாயங்காலம் செத்துப்போனவர். இன்னும் குளிப்பாட்டவில்லை. டிரம்மில் தண்ணீர் இல்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதுதான் வாசலில் பேச்சு.

"கேன் தண்ணி ஒரு பத்து சொன்னா வேன்ல கொண்டாந்து எறக்கிருவான்" என்றார் மாணிக்கம் மாமா, அம்மாவின் தம்பி. போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அத்தை பாப்பாத்தி அண்ணனின் தலைமாட்டிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டாள். "கேன் தண்ணியிலயா? எங்கண்ணன் என்ன கலியாண மண்டபத்துக்கா வந்து படுத்திருக்கான்? குடிச்ச ஊத்துத் தண்ணிதான் ஊத்தோணும். எங்கப்பனுக்கும் அதுதான் ஊத்துனோம்."

"ஊத்துத் தண்ணி வந்தா ஊத்த மாட்டனாக்கா? வரலையே."

அந்த நேரத்தில் அம்மா எழுந்தாள். சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்தாள். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். புருஷனைப் பார்க்க வந்திருந்த ஊர்ச் சனத்துக்கு நடுவே, இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, சரிவுப் பக்கம் போனாள்.

பழனியம்மாள் இருபத்திரண்டு வருசம் அந்தச் சரிவில் குடம் சுமந்தவள். ஒரு மழைநாளில் குடத்தோடு உருண்டு இடுப்பெலும்பு விலகியது. அப்புறம்தான் பொன்னன் ஓஸ் போட்டார். இவள் இனிமேல் குடம் எடுக்கக் கூடாது என்பதற்காகவே போட்டார்.

முகேஷ் ஓடிப்போய்க் குடத்தைப் பிடித்தான். "வெய்யிம்மா. நான் போயிப் பாத்துட்டு வாரேன். ஓஸ்லயே வரும்."

"வராது சாமி" என்றாள் அம்மா. "அது வராது. உங்கப்பா நெதமும் ரெண்டு நட ஏறுனாரு."

"வரும்மா. நீ குடத்தத் தூக்காத. இன்னைக்காவது தூக்காத."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். ஆனால் சும்மாட்டை எடுக்கவில்லை.

அந்தச் சும்மாடுதான் அவனைச் சரிவில் ஏற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அப்பா தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். "கருப்பு ஓஸா வாங்கு சாமி. கட்டவெரல வெச்சு அமுக்குனா அமுங்கக் கூடாது. அதான் கணக்கு." முகேஷும் கருப்பு ஓஸைத்தான் கேட்டான். கடைக்காரர் எடுத்துப் போட்ட சுருள் ஒரு ஆள் தூக்குகிற கனமாக இல்லை. அந்த மாதிரி மூன்று சுருள் வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். பைக்கில் கட்டினால் வளைவில் வண்டி பின்னால் இழுக்கும். யோசித்துக்கொண்டு நின்றவனிடம் கடைக்காரர் பச்சை ஓஸைக் காட்டினார். ஒரு கையில் தூக்கலாம். மூன்று சுருளையும் பின்சீட்டில் கட்டிக்கொண்டு ஒரே நடையில் மலை ஏறிவிட்டான். வந்து இறங்கியபோது பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரிதான் அவனுக்கு இருந்தது.

அப்பா சுருளைப் பிரித்தார். கட்டைவிரலை வைத்து அமுக்கினார். அமுங்கியது. மகன் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"சரி, போட்டுப் பாப்பம்" என்றார்.

ஒரு கோடைக்குள் வெளுத்து வெடித்தது. ஓஸை இறுக்கிப் பிடிக்கக் கொடுத்த கிளாம்பு முதல் மழையிலேயே துருப்பிடித்து, திருகினால் தூளாக உதிர்ந்தது. இரண்டு சுருளைச் சேர்க்கிற பிளாஸ்டிக் நிப்பிள் எப்போது வேண்டுமானாலும் வாயைத் திறந்துகொள்ளும். கீழே வீட்டில் குழாயை மூடினால் போதும், மேலே அழுத்தம் தாங்காமல் ஜாயிண்ட் பிடுங்கிக்கொள்ளும். அதனால் குழாயை மூடவே கூடாது என்று ஆனது. வருகிற தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், டிரம் நிரம்பி வழியும்.

ஏறும்போது அப்பா கட்டிய கட்டுகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. சைக்கிள் டியூப்பை நாடாவாக அறுத்துச் சுற்றியது. பால் பாக்கெட்டை மடித்து வைத்துக் கம்பி முறுக்கியது. அம்மாவின் பழைய சேலைக் கரை. ஒரு இடத்தில் அவனுடைய பள்ளிக்கூட பெல்ட்டே இருந்தது, பக்கிளோடு. முகேஷ் அதற்கப்புறம் ஓஸைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நடந்தான்.

போனில் அப்பா ஓஸைத் தவிர வேறெதுவும் பேசியதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. "கண்ணு, அந்த ஜாயிண்ட் மறுக்காவும் கழண்டுகிச்சு." ஒரு தரம் வேலை நடுவில் கூப்பிட்டார். கையெல்லாம் சிமெண்ட். "என்னப்பா, ஒரு கம்பியப் போட்டு முறுக்கி உட்டா ஆச்சு. இதுக்கெல்லாமா போன் போடுவ?" என்றான். "சரி சாமி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

மனசு கேட்காமல் அன்றைக்கே போய் பித்தளை நிப்பிள் ஒன்று வாங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகலாம் என்று பைக் பெட்டிக்குள் போட்டான். ஐந்து ஞாயிற்றுக்கிழமை போனது. நிப்பிள் இப்போது அவன் சட்டைப்பையில் கிடந்தது.

மேலே சென்றாயனின் மிளகுத் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் கொடிகள் பச்சையாக ஏறியிருந்தன, ஒரு பக்கம் மட்டும் கருகித் தொங்கின. பதினான்கு கொடி. இரண்டாவது ஜாயிண்ட் சரியாக அந்த இடத்தில்தான். கழன்ற இடத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நின்று வேர் அழுகிப் போனது. சென்றாயன் பங்காளி, முகேஷுக்குப் பெரியப்பா முறை. அந்தக் கொடிகளுக்கு அப்புறம் அவரும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. ஊற்றுத் தொட்டியில் ஒரே குழாய். நாலு வீட்டுக்கும் முறை வைத்துத் தண்ணீர். ஆறிலிருந்து ஒன்பது பொன்னன் வீடு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு சென்றாயன் வீடு. முறை மாற்றுகிற இடத்தில் நேருக்கு நேர் பார்த்தாலும், ஒருவர் ஓஸை ஒருவர் கழற்றி மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் போவார்கள்.

ஜாயிண்ட் வாயைப் பிளந்து கிடந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே, கருகிய கொடிக்குக் கீழே, சென்றாயன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முகேஷ் போனில் மணி பார்த்தான். ஒன்பது இருபது.

"முறை முடிஞ்சு போச்சுங்களே பெரியப்பா. உங்க ஓஸ மாத்தலீங்களா?"

"மாத்தல."

"உங்க தோட்டத்துலதான் ஓடுது."

"ஓடுனா ஓடுது. இனிச் சாகறதுக்கு அங்க கொடி இல்ல." சென்றாயன் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப வந்த?"

"ஏழு மணிக்குங்க. ஊட்டுப்பக்கம் நீங்க வரலீங்களே."

சென்றாயன் ஒரு மரத்தைக் கை காட்டினார். "அங்கதான் குந்தியிருந்தான். அந்தச் சில்வர் மரத்துல சாஞ்சு. கையில இந்த ஓஸ்."

முகேஷ் அந்த மரத்தைப் பார்த்தான். அடியில் சருகு ஒதுங்கியிருந்தது.

"ஆறு மணிக்குப் பாத்துச் சொன்னது நீங்கதான்னு அம்மா சொன்னாங்க."

"நாலு மணிக்கும் பாத்தேன்" என்றார் சென்றாயன்.

பீய்ச்சுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"இந்த வழியாத்தான் போனேன். நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டுக் குந்தியிருந்தான். என்னையப் பாத்தான். என்னமோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்துச்சு. பேச்சுவார்த்த இல்லையே, நானா எதுக்குப் போயிக் கேக்கறதுன்னு போயிட்டேன். ஆறு மணிக்குத் திரும்பி வந்தா அப்படியே குந்தியிருக்கான். அப்ப கூப்பிட்டேன். 'டேய் பொன்னா'ன்னு."

அவர் கையால் மூக்கைச் சிந்தித் தரையில் துடைத்தார். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்கூட்டு வாசல்ல வந்து நிக்கறது?"

கோபம் வரும் என்று முகேஷ் எதிர்பார்த்தான். வரவில்லை. மனசில் வந்ததெல்லாம் அந்தப் பச்சை ஓஸ்தான்.

"இந்த ஓஸ் நான் வாங்குனதுங்க பெரியப்பா."

"உங்கப்பன் அப்படிச் சொல்லலையே. கொடி போனப்ப இங்க நின்னு அத்தன கேள்வி கேட்டேன். எந்த முட்டாப்பயடா இத வாங்குனதுன்னு கேட்டேன். நாந்தான் பாத்து வாங்குனேன், ஏமாந்துட்டேன்னான்."

"அப்பா கருப்புத்தான் கேட்டாரு. கனம்னு நாந்தான் இத வாங்கியாந்தேன்."

சென்றாயன் அவனையே பார்த்தார். அப்புறம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி. கையில என்ன வெச்சிருக்கற?"

முகேஷ் பித்தளை நிப்பிளை எடுத்துக் கொடுத்தான். சென்றாயன் அதைத் திருப்பிப் பார்த்து, ஓஸின் வாயில் வைத்து அழுத்தினார். ஏறவில்லை.

"ஓஸ்ல ஒரு இன்ச்சுன்னுதான் போட்டிருக்குதுங்க" என்றான் முகேஷ்.

"எழுத்துதான் ஒரு இன்ச்சு. ஓட்ட முக்கா இன்ச்சு கூட வராது."

அவர் மேலே போய், தொட்டிக் குழாயிலிருந்து ஓஸைப் பிடுங்கிவிட்டு வந்தார். சருகைக் கூட்டித் தீ வைத்தார். ஓஸின் நுனியை நெருப்புக்கு மேலே தூக்கிப் பிடித்து, உருகாத அளவுக்கு மெதுவாகச் சுழற்றினார். பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. இளகியதும், "இப்பத் தள்ளு. நேராத் தள்ளு, முறுக்காத" என்றார். முகேஷ் முட்டி போட்டான். வலியில் உயிர் போனது. தள்ளினான். நிப்பிள் ஏறியது. மறு நுனியையும் அப்படியே சுட்டு ஏற்றினார்கள்.

"கிளாம்பு?"

"வாங்கலீங்க."

சென்றாயன் தன்னுடைய கருப்பு ஓஸ் கிடந்த பக்கம் போனார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, அதன் நுனியால் அதிலிருந்த கிளாம்பைக் கழற்றிக் கொண்டுவந்து பச்சை ஓஸில் மாட்டித் திருகினார்.

"எத்தன நேரம் தாங்குங்க?"

"ஒரு ஆளக் குளிப்பாட்டற வரைக்கும் தாங்கும்."

தொட்டிக் குழாயில் ஓஸைத் திரும்பவும் மாட்டிவிட்டு, "நீ இறங்கு. நான் இதப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். கீழ தண்ணி வந்துச்சுன்னா ஆளு அனுப்பு" என்றார்.

"நீங்க வரோணுங்க பெரியப்பா. தோளு கொடுக்கோணும்."

சென்றாயன் ஜாயிண்டைப் பிடித்தபடி தலையை மட்டும் அசைத்தார்.

வாசலில் ஓஸ் வாயிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது. முகேஷ் அதை வாயில் வைத்து உறிஞ்சினான். அப்பா தினமும் உறிஞ்சிய ஓஸ் வாய். வெயில் தின்ற பிளாஸ்டிக் கசப்பு. ஓஸ் இரண்டு தரம் இருமி, துருவும் சருகுமாகத் துப்பியது. பிறகு தண்ணீர் வந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டாள்.

"குடத்துல புடிச்சு ஊத்தட்டுமாக்கா?" என்று மாணிக்கம் மாமா கேட்டார்.

"வேண்டாம், அப்படியே புடி. ரெண்டு வருசமா இதைப் புடிச்சுக்கிட்டேதான் இருந்தான். ஒருநாளாவது அவன் மேல ஓடட்டும்" என்றாள் அத்தை. அது ஏச்சா அழுகையா என்று யாருக்கும் தெரியவில்லை.

முகேஷ் ஓஸைப் பிடித்தான். அப்பாவின் கால், கை, நெஞ்சு. விரல் இடுக்கில் டியூப் நாடாவின் கரி அப்பியிருந்தது. அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. "போதும் விடு அண்ணி" என்றாள் அத்தை. அவள் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பாடை தூக்கும்போது பதினொன்றே முக்கால். பின்பக்கம் இடது தோளுக்கு ஆள் வந்து நின்றது. முகேஷ் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்த வேட்டியின் சளசளப்பும், தீய்ந்த பிளாஸ்டிக் நாற்றமும் யாரென்று சொல்லின.

தண்ணீரை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மேலே பிடுங்கிக்கொள்ளும். அம்மா ஓஸின் நுனியை டிரம்முக்குள் போட்டிருந்தாள். டிரம் நிரம்பி, வாசல் முழுக்க வழிந்து, தூக்கிப் போகிறவர்களின் காலடியில் கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தது.

பன்னிரண்டு மணிக்கு முறை அடுத்த வீடான அத்தாயி வீட்டுக்குப் போய்விடும். சென்றாயனுக்கு ஒரு கிளாம்பும் ஒரு முறைத் தண்ணீரும் பாக்கி.