முறத்துள் வந்த மாத்திரை

1

காப்புப் பாடாமல் நான் எதையும் எழுதத் தொடங்கியதில்லை. இக்கதையோ மைசூரில் என் பக்கத்து வீட்டுப் பிரேமலீலா கௌரிப் பண்டிகையன்று சிரித்துக்கொண்டே சொன்னது. பிள்ளையாரை நான் நினைக்குமுன் பாதி முடிந்துவிட்டது.

"முதுமை என்பது மாலைக் கதிரவனைப் போல..." வேண்டாம். கதிரவனுக்கு இரத்த அழுத்தம் இல்லை.

2

பண்டிகைக்குப் பிறந்த வீட்டார் மகளுக்குப் பாகினம் தருவர். மஞ்சள், வளையல், பருப்பு, வெல்லம், சீப்பு, கண்ணாடி எல்லாம் நிறைத்து, மற்றொரு முறத்தால் மூடிய புதுமுறம் அது. தாய் மறைந்தபின் தந்தை சாமண்ணாவே அதை நிறைத்துத் தந்தார். எண்பத்தொரு வயது, தனி வீடு, தன் கைச் சமையல். ஆறாண்டுகளாக ஒரு பொருளும் தவறியதில்லை.

இவ்வாண்டு அவர் வீட்டில், அவர் எதிரிலேயே பிரேமலீலா மேல்முறத்தை எடுத்தாள். கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் இரண்டு. சென்ற மாதம் அவளே வாங்கிக் கொடுத்தவை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

(முதல் வரைவில் இங்கே அவளை அழவைத்தேன். "நான் எங்க அழுதேன்? சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்" என்று திருத்தினாள்.)

3

"அப்பா, மாத்திரை போடறீங்களா?"

"தினமும்."

"அப்போ இது?"

"கடைக்காரன் கூடுதலா குடுத்திருப்பான்."

"வாங்கினதே நான்தான்பா."

"சரி, உடம்புக்கு நல்லதுதானே. அதுவும் மங்கலப் பொருள்தான்."

அடுக்களையில் அடிபிடித்த பால் பாத்திரங்கள் மூன்று நீரில் ஊறிக்கொண்டிருந்தன. அவள் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நாளையிலேருந்து காலையில கமலாட்சி வருவா. சமைச்சு, மாத்திரையும் எடுத்துக் குடுப்பா."

"எனக்கு எதுக்கும்மா ஆளு? படுத்த படுக்கையாவா கிடக்கறேன்?"

"கிடக்கறதுக்கு முன்னாடி வெச்சாத்தான்பா பிரயோஜனம்."

[அவர் நெஞ்சத்தில் அப்போது... தெரியாது. அடித்துவிடுகிறேன்.]

மேல்முறத்தை எடுத்து மூடிக்கொண்டே கேட்டார்: "ரசத்துல வெல்லம் போடுவாளா?"

"போடுவா."

"அள்ளிக் கொட்டிடப் போறா. நான் பக்கத்துல நின்னு சொல்லுவேன்."

4

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று: அவர் மறந்து வைத்தார். மற்றொன்று: எவரிடமும் உதவி கேட்டறியாத மனிதர், தெரிந்தே வைத்தார். பிரேமலீலா அவரிடம் கேட்கவில்லை. "கேட்டா அவரு ஒரு பதில் சொல்லியாகணும், பாவம்."

இறைவனிடமே வேண்டியதைக் கேட்கக் கூசி, புகழை மட்டும் பாடிவிட்டு எழுந்து வருபவன் நான். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: காலை ஏழு மணிக்குக் கமலாட்சி வந்து அழைப்பு மணியை அழுத்தட்டும், ஆறரைக்கே அவர் சலவைச் சட்டை அணிந்து வாசலைப் பார்த்து அமர்ந்திருக்கட்டும்.