கீலுக்கு அடியில் வெள்ளை

"பழைய ரசீதைக் காட்டுங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் அந்தக் கலைப்பொருள் கடையில் சாமான்களைப் பொட்டலம் கட்டுபவர். அக்கா மகளான அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். தந்த விற்பனைத் தடைச் சட்டத்துக்கு முந்தைய தந்தம் என்று அவள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எந்தத் தந்தப் பொருளையும் விற்க முடியும்.

முதலாளி மேசைமேல் இருந்த தந்த நகைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "நூறு வருஷத்துப் பெட்டிம்மா. அப்ப யாரு ரசீது குடுத்தா? நிறத்தைப் பாரு, எப்படிப் பழுத்திருக்கு."

பழுத்துத்தான் இருந்தது. அவள் மோந்து பார்த்தாள்.

"டீ வாசனை வருது சார்."

"நீ குடிச்ச டீயா இருக்கும்."

அவள் சின்னத் திருப்புளியை எடுத்து மூடியின் பித்தளைக் கீலைக் கழற்றினாள். கீல் இருந்த இடம் மட்டும் பால்பல் மாதிரி வெள்ளையாக மின்னியது. கீலைப் பொருத்தி முடித்த பிறகு பெட்டியை டீயில் ஊறவைத்திருக்கிறார்கள். கீலுக்கு அடியில் சாயம் இறங்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், கீலைக் கழட்டிட்டு ஊற வைக்கலாம்னு!" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. "நேத்து வரைக்கும் காட்டுல நடந்த யானை சார் இது. டீயில முக்கினா கிழடாயிடுமா?"

முதலாளியின் முகம் இறுகியது. "கையெழுத்துப் போடு. இல்லேன்னா வேலையை விட்டுக் கிளம்பு."

"போடறேனே."

அவள் பதிவேட்டை இழுத்து, 'புதுத் தந்தம். விற்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். கீழே முழுப்பெயரையும் போட்டாள். இத்தனை மாதத்தில் தயங்காமல் போட்ட கையெழுத்து இதுதான். நகல் தாளைக் கிழித்து மடித்துக்கொண்டாள்.

"அது எங்க போகுது?" முதலாளி எழுந்துவிட்டார்.

"வனத்துறை ஆபீசுக்கு. ரெண்டு தெரு தள்ளித்தானே."

"அடியே, அக்காகிட்ட நான் என்ன சொல்றது?" மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஊறவெச்சது நீங்கதான்னு நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க மாமா. அம்மா அடிக்கிறதோட விட்டுடும். ஆபீசர்கிட்டயும் நீங்களே வந்து சொல்றதுன்னா செருப்பை மாட்டுங்க."

மாமா செருப்பைத் தேடினாரா என்று அவள் நின்று பார்க்கவில்லை. துப்பட்டாவை உதறித் தோளில் போட்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.