கேமராவில் பாதி

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். வரிசை முடியும் இடத்தில் ஒரு முக்காலி, அதற்குப் பின்னால் நீலத் துணி, இரண்டு பக்கமும் விளக்கு. முக்காலியில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையையும் சீப்பக்கா ஒரே மூச்சில் சரிசெய்தாள். ஈரச் சீப்பால் முன்முடி, கட்டைவிரலால் மூக்கோரம், காலர், தோள், கடைசியாகத் தாடை. பிறகு ஓரடி விலகி, கேமராவுக்குப் பக்கத்தில் தலையை நீட்டி, "வாய்க்குள்ள என்னடா, எலியா?" என்பாள். பிள்ளை சிரிக்கும். போட்டோகிராபர் பட்டனை அழுத்துவார். அடுத்த பிள்ளை ஏறும்.

பள்ளிக்கூடங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. சீப்பு இருந்ததால் சீப்பக்கா.

அன்று சாப்பிடும்போது போட்டோகிராபர் வேலையை விடப்போவதாகச் சொன்னார். கல்யாண வேலைகளுக்குப் போகிறாராம்.

"அப்ப இங்க யாரு எடுப்பா?"

"கேமரா வச்சிருக்கிற எவனாவது வருவான். மொதலாளி தன் கேமராவத் தர மாட்டாருல்ல. கீழ போட்டா யாரு பாக்கறதுன்னு பயம்."

சீப்பக்கா டப்பாவை மூடினாள். "கேமரா இருந்தா நான் எடுக்கலாமா?"

அவர் கையில் இருந்த கவளத்தை வாயில் போட்டு மென்று முடித்தார். "எடுக்கலாம். எந்தப் பிள்ள எப்ப சிரிக்கும்னு உனக்குத் தெரியும். மத்தத நான் சொல்லித் தரேன்."

மாலையிலேயே முதலாளியிடம் கேட்டாள். அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "கேமராவோட வா, போட்டோகிராபர் சம்பளம் வாங்கிக்க" என்றார். அது அவள் வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு.

வீட்டில் அவளும் கொழுந்தன் மனைவியும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஓரகத்தி தைத்துக்கொண்டிருந்த சட்டைத் தொழிற்சாலையை மூடி, கணக்கு முடித்துப் பணம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பணம் பெட்டியில் துணிக்கு அடியில் இருந்தது. எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் கேமராவுக்குப் போயிட்டா சீப்புக்கு ஆளு வேணும்" என்றாள் சீப்பக்கா. "அந்த எடத்துக்கு நீ வா. கேமராவுல ஆளுக்குப் பாதி போடுவோம்."

"என் தலையையே நான் ஒழுங்கா வாருறதில்ல. ஊரான் பிள்ள தலைய வாரப் போறேனாக்கும்."

"அத்தன வருஷமா காலர் தச்சவ தானே? நிமித்தி விட வராதா?"

ஓரகத்தி சிரித்தாள். காலையில் பணத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள்.

கேமராக் கடைக்காரர் இருவரையும் பார்த்துவிட்டு ஒரு புதுப் பெட்டியைப் பிரித்தார். பையும் ஸ்டாண்டும் இலவசமாம். "கையில ஒண்ணும் தர வேண்டாம்மா. மாசாமாசம் கட்டினாப் போதும்."

"மாசாமாசம் எனக்கு வேல கெடையாது சார். பள்ளிக்கூடத்துக்கு லீவுன்னா எனக்கும் லீவு. தவணைக்காரன் லீவு விடுவானா?" அவள் கண்ணாடிக்குள் கீழ்த்தட்டைக் காட்டினாள். "அந்தப் பழசு?"

"பழசு இல்லம்மா. ரீஃபர்பிஷ்ட். வாங்கினவங்க திருப்பிக் குடுத்து, கம்பெனிக்கே போய், எல்லாம் சரிபார்த்து வந்தது. ஆறு மாச கேரண்டி உண்டு."

"புகுந்த வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயி, சமாதானமாகித் திரும்பி வந்திருக்கு. அதானே?" என்றாள் ஓரகத்தி.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவை வெளியே எடுத்தார். பிடிக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து கொஞ்சம் பளபளத்தது. இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று சீப்பக்கா கேட்டாள். அவர் கணினியில் இணைத்து எண்ணைக் காட்டினார். வெள்ளைச் சுவரை எடுத்துப் பார், புள்ளி தெரிந்தால் வாங்காதே என்று போட்டோகிராபர் சொல்லி அனுப்பியிருந்தார். சுவரை எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தபோது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"தூசும்மா" என்று கடைக்காரர் லென்ஸைக் கழற்றி, ரப்பர் பந்தால் உள்ளே காற்றடித்தார். மறுபடி எடுத்தாள். புள்ளி போகவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாவது படத்தில் சுவர் வெறும் சுவராக இருந்தது.

"நீங்க நில்லுங்க சார். ஒரு ஆள எடுத்துப் பாக்கணும்."

அவர் நின்றார். அவள் கேமராவை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டுப் போய், அவர் காலரை நிமிர்த்தி, தோளைத் திருப்பி, தாடையை விரலால் தொட்டுத் தாழ்த்தினாள். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிருந்தது. திரும்பி வந்து எடுத்த படத்தில் முகம் மங்கல். காலர் மட்டும் கத்தி மாதிரி நின்றது.

"ஃபோகஸ் காலருக்குப் போயிருச்சு" என்றார் கடைக்காரர். "முகத்துல ஃபோகஸ் வச்சு, முழங்கைய ஒடம்போட ஒட்டிப் புடிங்க."

அப்படியே பிடித்தாள். இந்தத் தடவை அவர் மீசையில் இருந்த நரை தனித்தனியாகத் தெரிந்தது. ஓரகத்தி மடியை அவிழ்த்தாள்.

அடுத்த நாட்களில் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அவர்கள் வீட்டு வாசலில் முக்காலி ஏறி இறங்கினார்கள். போட்டோகிராபர் இரண்டு முறை வந்து, கேமராவை விளக்குக்கு எப்படி வைப்பது, வெயிலுக்கு எப்படி வைப்பது என்று காட்டிவிட்டுப் போனார். சீப்பக்காவின் கண் ஒன்று கேமராவிலும் ஒன்று ஓரகத்தியின் கையிலும் இருந்தது.

"தாடையப் புடிச்சுத் தூக்காதடி, அது என்ன குடமா? விரல் நுனியால தொடு. பிள்ள தானாத் தூக்கும்."

"நீ ஒன் பட்டனப் பாரு."

"சிரிக்க வை இப்ப."

"எனக்கு எலிக்கதையெல்லாம் வராது" என்ற ஓரகத்தி, பிள்ளையின் முன்னால் தன் பல்செட்டைப் பாதி கழற்றி மாட்டினாள். பிள்ளை முக்காலியிலிருந்து விழப்பார்த்தது. அந்தப் படம்தான் அந்த வாரத்திலேயே நன்றாக வந்த படம்.

வேலை நாளன்று இருவரும் ஸ்டூடியோ வண்டிக்கு முன்னாலேயே பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். முதலாளி இறங்கினார். கேமராவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "பரவாயில்ல" என்று கொடுத்தார். பிறகு ஓரகத்தியைப் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"என் ஓரகத்தி சார். சீப்புக்கு."

"சீப்புக்குத்தான் நீ இருக்கியே."

"நான் கேமரா சார்."

"கேமராவுந்தான், சீப்புந்தான். ஸ்டாண்டு தரேன், அதுல மாட்டிட்டு நீயே சரிபண்ணிட்டு வந்து அமுக்கு. பழைய ஆளுக்கு அந்த வேல தெரியாது, அதனால ரெண்டு பேரு போட்டேன். ஒனக்கு ரெண்டும் தெரியுமே." அவர் குரல் உயரவில்லை. "சம்பளம் சொன்னபடிதான். வாக்கு மாறல."

வண்டியிலிருந்து விளக்குகளை இறக்கினார்கள். சீப்பக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஓரகத்தி அவள் இடுப்பிலிருந்து சீப்பை உருவிக்கொண்டாள்.

"வந்தது வந்தாச்சு. சும்மா வீட்டுக்குப் போனா மட்டும் எவன் கூலி தரப்போறான்? வேல எப்படி ஓடுதுன்னு அந்த ஆளு கண்ணால பாக்கட்டும்."

வேலை ஓடியது. ஓரகத்தி தலையை வாரினாள், மூக்கைத் துடைத்தாள், தாடையைத் தொட்டாள். பல்செட் வேலை செய்தது. அழுதுகொண்டு ஏறிய பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். மதியத்துக்குள் முடியாது என்று ஆசிரியைகள் நினைத்த வகுப்புகள் மணியடிக்கும் முன்பே முடிந்தன. முதலாளி ஒரு முறை வந்து வாசற்படியில் நின்று பார்த்தார்.

மாலையில் ஸ்டூடியோவில் முதலாளி படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஓரகத்தி கதவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சீப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சீப்பக்கா மேசைக்கு எதிரில் நின்றாள்.

"நல்லா வந்திருக்கு" என்றார். அவள் சம்பளத்தை எண்ணி மேசைமேல் வைத்தார்.

"அவளுக்கு?"

"ஆளு வேணாம்னு காலையிலயே சொன்னேனே."

"அவ இல்லாம இவ்வளவு பிள்ளைங்கள ஒரு நாள்ல எடுத்திருக்க முடியாது சார். கேமராவுல பாதி அவளுது."

"அது ஒங்க குடும்ப விஷயம்."

"நாளைக்கும் ரெண்டு பேரா வருவோம். ரெண்டு கூலி வேணும்."

"ரெண்டு கூலின்னா நான் வேற ஆளு பாத்துப்பேன். கேமரா வச்சிருக்கிறவன் ஊர்ல இல்லாமலா போயிட்டான்?"

"பாருங்க சார். அவன் சிரிக்க வைக்கிறானான்னும் பாருங்க."

அவர் அடுத்த படத்துக்குப் போனார். அங்கேயே நிறுத்தினார். முன்பல் விழுந்த ஒரு சிறுமி, கண் இடுங்க, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இத அடுத்த பள்ளிக்கூடத்துக்கு மாதிரியா காட்டலாம்."

படத்தின் வலது ஓரத்தில், அவள் தாடையிலிருந்து அப்போதுதான் விலகிய ஒரு கையின் நான்கு விரல்கள் தெரிந்தன. அவர் படத்தை வெட்டும் கோட்டை அந்தப் பக்கத்தில் மவுஸால் பிடித்து உள்ளே இழுத்தார். விரல்கள் போய்விட்டன. சிறுமி, படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.