எறிந்தாலும் உடையாத லாரி

மிசுஸுவும் அவள் கணவன் தெட்சுரோவும் மூன்று வயது ஹயாத்தோவைத் தத்தெடுக்க இருந்தார்கள். அவனை முதன்முதலாகப் பார்க்கப் போகும் வழியில் நகோயாவில் ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தார்கள். கையில் கிடைப்பதையெல்லாம் அவன் விட்டெறிவான் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள்.

தெட்சுரோ ஒரு ரப்பர் லாரியைத் தரையில் ஓங்கிப் போட்டான். அது துள்ளியது.

"என்னங்க, கடைக்காரர் பாக்குறாரு!"

"பாக்கட்டும். நம்ம பையனுக்கு இதுதான் சரி."

காப்பகத்தில் ஹயாத்தோ லாரியை வாங்கிய வேகத்தில் சுவரில் எறிந்தான். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"அடேயப்பா, என்னா எறி!" என்றாள் மிசுஸு.

அவன் மெல்ல நிமிர்ந்தான். லாரியை எடுத்துவந்து தெட்சுரோவின் கையில் வைத்தான்.

"இப்ப நீ எறி."

தெட்சுரோ எறிந்தான். ஹயாத்தோ கைகொட்டிச் சிரித்தான்.