ஒய்.பி. என்பது சமையற்கட்டு

எங்கள் அம்மன் கோயில் பெர்லின் நகரத்து நொய்கெல்னில் ஒரு பழைய கிடங்கில் இருக்கிறது. போன வருடத் தேர்த்திருவிழாவில் வாக்கிடாக்கிகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை சேனல் பிரித்திருந்தார்கள். நான்கு, சமையற்கட்டுக்கு. "நாங்கள் என்ன நாலாவது ஆக்களோ?" என்று கேட்ட மதுமதி அக்கா, கருவியை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லாரும் ஒன்றாம் சேனலிலேயே ஏறிக்கொண்டதால் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. தேர் வெகுநேரம் திருப்பத்தில் நின்றது.

இந்த வருடம் சேனல் பிரிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த என்னை அங்குள்ள ஈழத்தமிழர்கள் பார்கவி என்று கூப்பிடாமல் 'இந்தியப் பிள்ளை' என்பார்கள். அன்பாகத்தான். ஆனால் விருந்தாளியிடம் போல, என்னிடம் யாரும் வேலை சொல்வதில்லை, கோபித்துக்கொள்வதுமில்லை. யாராவது ஒருமுறை என்னைத் திட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆசை அதுதான்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை யூலியா பழைய கார் டெலிபோன்கள் சேர்ப்பவள். அவளிடமிருந்த அமெரிக்கக் கருவி ஒன்றில் சேனல்களுக்கு எண்ணே இல்லை. ஜே.எல்., ஒய்.பி., க்யூ.பி., இசட்.ஆர். என்று இரண்டிரண்டு எழுத்துகள். கார்க்காரர் குமிழைத் திருப்பித் திருப்பி, யாரும் பேசாத சேனலைக் காதால் கேட்டுக் கண்டுபிடித்த பிறகே பேச வேண்டுமாம்.

எழுத்துகளில் மேல் கீழ் இல்லை என்பது எனக்குப் பிடித்துப்போனது. அன்றே எங்கள் கருவிகளின் திரையில் அந்த எழுத்துகள் வரும்படி மாற்றினேன். வடம் பிடிப்பவர்களுக்கு ஜே.எல்., தெருவைப் பார்ப்பவர்களுக்கு க்யூ.பி., ஐயருக்கு இசட்.ஆர்., சமையற்கட்டுக்கு ஒய்.பி.

வடத்துக்குப் பொறுப்பான சிறீதரன் அண்ணை கருவியைப் புரட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, இதில எது பெரிசு?"

"எதுவும் இல்லண்ணா. எல்லாமே ஈக்குவல்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஐயர் எதில நிக்கிறார்?"

நான் வெகுளியாகச் சொல்லிவிட்டேன்.

தேர் புறப்படும்போது எல்லாரும் இசட்.ஆரில் இருந்தார்கள். மந்திரமும் அதட்டலும் தவிலும் ஒரே இரைச்சலாக வந்தன. திருப்பத்துக்குப் போனால், ஒரு வெள்ளைக் கார் தெருவை மறித்து நின்றது. "ஆற்றை கார்?" என்று காருக்குரியவரைத் தேடி இருபது குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. பதில் வந்திருந்தாலும் கேட்டிருக்காது. போலீஸ்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இப்போதுகூட யாரும் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லைப் பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. அப்போது யூலியா சொன்ன கார்க்காரர் நினைவுக்கு வந்தார். குமிழைத் திருப்பினேன். ஜே.எல். காலி. க்யூ.பி. காலி. ஒய்.பி.யும் காலிபோலத்தான் இருந்தது. கூர்ந்து கேட்டால், எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம். யாரோ கருவியின் பொத்தானை அழுத்தியபடியே தாளித்துக்கொண்டிருந்தார்கள். அது ஓயும்வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

"ஓம், நான் மதுமதி. எனக்குத் தந்த இடத்தில நான் நிக்கிறன். மற்ற ஆக்கள் எங்க போனவை?"

விஷயத்தைச் சொன்னேன். வெள்ளைக் கார், கண்ணாடியில் வேப்பிலை தொங்குகிறது என்றேன். உடனே, வாக்கிடாக்கியே தேவைப்படாத குரலில் அவர் தன் மருமகனைக் கூப்பிட்டார்: "நிசாந்! பூசணிக்காயை வை!"

நிசாந் ஏப்ரனோடு ஓடிவந்து தன் காரை எடுத்தான். தேர் திரும்பியது. எந்தச் சேனலில் பேசிக் காரியத்தை முடித்தேன் என்று சிறீதரன் அண்ணை விசாரித்தார். ஒய்.பி. என்றேன். கோயில் வாசலுக்குத் தேர் வருவதற்குள் எல்லாரும் ஒய்.பி.யில் இருந்தார்கள்.

"இது சமையற்கட்டு. இறங்குங்கோ எல்லாரும்" என்று மதுமதி அக்கா விரட்டிக்கொண்டிருந்தார். பிறகு மூச்சுவிடாமல், "பார்கவி! எங்கையடி நிண்டனீ இவ்வளவு நேரமும்? இலை கழுவ ஒருத்தருமில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு திரியிறியோ? வா இஞ்ச."

அத்தனை வாக்கிடாக்கிகளிலும் அது கேட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையற்கட்டுக்கு ஓடினேன்.